உருவும் ஒழுக்கமும்

காய்ச்சலால் நடுங்கும் ஒருவனைக் கண்டால் மக்கள் இரங்குவர். கால் ஊனமுற்றவன் படியேறக் கண்டால் கைகொடுத்து உதவுவர். உடல் மிகப் பருத்த ஒருவன் மூச்சு வாங்க அதே படியில் ஏறினால், அவருள் பலர் நகைப்பர். மூவரும் உடலால் துன்புறுவோரே. எனினும், முன்னை இருவர்க்கும் கிடைக்கும் பரிவு மூன்றாமவனுக்குக் கிடைப்பதில்லை. அவன் துன்பம் அவனே தேடிக்கொண்டது என்று உலகம் எண்ணுவதே இதற்குக் காரணமாகும். 'அளவின்றி உண்டான்; உழையாது இருந்தான்; ஆதலின் பருத்தான்' என்று நொடிப்பொழுதில் தீர்ப்புக் கூறப்பட்டுவிடுகிறது. இத்தீர்ப்பு முறையானதா என்பது ஆராயத்தக்கது.

இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்பார் ஒருவர் வாழ்ந்தார். இறந்தோர்க்குரிய இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்வது அவர்தம் குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலங்களையும் அக்குடும்பத்தாரே நடத்தி வந்தனர். தொழிலில் இத்துணைச் சிறப்புற்ற அவர்க்கு உடற்பருமன் பெருந்துன்பமாக அமைந்தது. 1862ஆம் ஆண்டில் அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம். எடையோ 202 பவுண்டு. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. மூட்டுகள் தாங்கா என அஞ்சி, மாடிப்படிகளில் பின்புறமாகத் திரும்பியே மெல்ல மெல்ல இறங்குவார்.

பாண்டிங் வாளா இருந்தவர் அல்லர். உடலுழைப்புக் குறைவே பருமனுக்குக் காரணம் என்று கேள்வியுற்று, காலைதோறும் ஆற்றில் படகு வலித்தார். தசைகள் உரம்பெற்றன, ஆனால், பசியும் உடன் பெருகியது, எடை மேலும் ஏறியது. குதிரை ஏறினார், கடலில் நீராடினார், நீராவிக் குளியலும் மேற்கொண்டார். மருத்துவர் பலரை நாடியும் பயன் விளையவில்லை. இறுதியில், செவி மந்தமானமைக்காக வில்லியம் ஆர்வி என்னும் மருத்துவரிடம் சென்றார். ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அவர் அறிவுறுத்தினார். அவ்வாறு ஒழுகவே, ஓராண்டளவில் பாண்டிங்கின் எடை 46 பவுண்டு குறைந்தது. 1863ஆம் ஆண்டில் அவர் தம் பட்டறிவை ஒரு சிறு நூலாக எழுதித் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, மக்களுக்கு விலையின்றி வழங்கினார். உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைத்தலைக் குறிக்கச் சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் வழங்கும் சொல், அவர் பெயரினின்று பிறந்ததே.

அவர் உண்ட உணவுமுறை எல்லார்க்கும் பொருந்தும் என்பது இங்குக் கருத்தன்று. அந்நூலில் அவர் எழுதிய வேறொரு செய்தியே கருதத்தக்கது. தாம் சோம்பலாலோ பெருந்தீனியாலோ பருக்கவில்லை என்று அவர் கூறினார். தெருவிலும் வண்டியிலும் பொதுக் கூட்டங்களிலும் பிறர் சொல்லும் ஏளனச் சொற்கள் பருத்த உடலினரின் நெஞ்சைப் புண்படுத்துவதையும் எடுத்துரைத்தார். அவரை நகைத்தோர் அவர் உடலைக் கண்டனர். அவ்வுடலை வருத்தி அவர் படகு வலித்த காலைப்பொழுதுகளைக் கண்டிலர். பருமன் கண்ணுக்குத் தெரியும், முயற்சி தெரியாது. தெரிவதனை மட்டும் கொண்டு தெரியாததனைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது.

இவ்வேளனம் முதியோரிடம் மட்டும் உள்ளதன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 10, 11 வயதுடைய சிறுவர் சிறுமியர்முன் அவர்கள் ஆறு படங்களை வைத்தனர். ஒரு படத்தில் குறையேதும் இல்லாத குழந்தை. மற்றொன்றில் ஊன்றுகோல் ஏந்திய குழந்தை. வேறொன்றில் சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தை. கையொன்று இல்லாத குழந்தையும், முகத்தில் வடுவுடைய குழந்தையும், உடல் பருத்த குழந்தையும் ஏனைய மூன்று படங்களில் இருந்தன. 'யாரை மிகவும் விரும்புகிறாய்? அடுத்து யாரை?' என்று வரிசையாக வினவினர். பருத்த குழந்தைக்கே பெரும்பாலும் கடைசி இடம் கிடைத்தது. 2003ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி மீண்டும் நிகழ்ந்தது. அப்பொழுது பருத்த குழந்தையின்பால் காட்டப்பட்ட வெறுப்பு முன்னிலும் மிகுந்திருந்தது. குழந்தைகள் இவ்வெறுப்பைக் கருவிலேயே கொண்டு வருவதில்லை. பெரியோர் பேச்சினின்றும் நகைப்பினின்றுமே கற்கின்றனர்.

பருமனைப் பற்றிய எண்ணம் எங்கும் ஒருபடித்தாக இருந்ததும் இல்லை. ஐரோப்பியக் கிறித்தவ சமயத்தார் பெருந்தீனியைக் கொடிய பாவங்கள் ஏழனுள் ஒன்றாகக் கருதினர். நாளடைவில், பருத்த உடலே அப்பாவத்தின் அடையாளம் என்று மக்கள் கொண்டனர். பஞ்சமும் பசியும் மலிந்த நாடுகளிலோ பருத்த உடல் செல்வத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 'பூசினாற்போன்ற மேனி' என்பது பாராட்டுச் சொல்லேயாகும். ஓரிடத்தில் பாவமாகவும் மற்றோரிடத்தில் பேறாகவும் கருதப்படுவது ஒரே உடல்தான். எனவே, புகழும் பழியும் உடலில் இல்லை. காண்போர் உள்ளத்திலேயே உள்ளன என்பது புலனாகும்.

பருமனுக்கு உண்மைக் காரணங்கள் யாவை? அளவு கடந்த உணவும் உழைப்பின்மையும் காரணங்களே. ஆயினும், அவை மட்டுமே காரணங்கள் அல்ல. பண்டைய ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதை, பெருந்தீனியையும் பகலுறக்கத்தையும் சுட்டியதோடு அமையாது, பெற்றோர் வழி வரும் வித்தின் இயல்பினையும் ஒரு காரணமாகக் கூறியது. இக்கால அறிவியல் அதனை மெய்ப்பித்துள்ளது. டென்மார்க்கு நாட்டில் பிறர் வீட்டில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களின் உடற்பருமன் பெற்றவர்களின் பருமனோடு ஒத்திருந்தது. சோறூட்டி வளர்த்தவர்களின் பருமனோடு அவ்வாறு ஒத்திருக்கவில்லை.

1994ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் செப்ரி பிரீட்மனும் அவர்தம் குழுவினரும் 'இலெப்டின்' என்னும் சுரப்புப் பொருளின் மரபணுவைக் கண்டறிந்தனர். உடற்கொழுப்பினின்று இப்பொருள் தோன்றிக் குருதி வழியாக மூளையை அடைந்து, 'சேமிப்புப் போதும்' என்று அறிவிக்கிறது. இதனைச் சுரக்க இயலாத குழந்தைகள் இருவர் 1997ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டனர். எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி தணிந்ததில்லை. இலெப்டினை ஊசி வாயிலாகச் செலுத்தும் மருத்துவத்தால் இந்நோயாளரின் பசி அடங்கியது, எடையும் குறைந்தது. முன்னர்ப் பேராசை எனத் தோன்றியது, உண்மையில் ஒரு சுரப்பின் குறையே. இத்தகைய குழந்தைகள் மிகச் சிலரே. எனினும், பசி என்பது மனவுறுதியால் மட்டும் ஆளப்படுவதன்று என்பதை அவர்கள் உலகிற்கு உணர்த்தினர். எடை குறைந்த உடல் பழைய எடையை நாடிப் பசியைத் தூண்டுகிறது என்பதும், சில மருந்துகளும் உறக்கக் குறைவும் எடையைக் கூட்டும் என்பதும் பின்னர் அறியப்பட்ட உண்மைகளாகும்.

இவற்றால் பருமன் தீங்கற்றது என்று கொள்ளுதல் கூடாது. மிகுந்த பருமன் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுநோய் ஆகியவற்றுக்கு வழிகோலும். ஆதலின், அளவோடு உண்டலும், ஓடி ஆடி விளையாடுதலும், நன்கு உறங்குதலும் யாவர்க்கும் வேண்டுவனவே. மெலிந்தவர்க்கும் நீரிழிவு வருவதுண்டு. அவர்க்கும் இவை வேண்டும். எடையைத் துலாக்கோல் காட்டும். உயரத்தை அளவுகோல் காட்டும். ஒருவனுடைய ஒழுக்கத்தைக் காட்டும் கருவி இவ்விரண்டனுள் எதுவும் அன்று.

நகைத்தால் நாணித் திருந்துவான் என்று சிலர் கூறுவர். நிகழ்வதோ இதற்கு மாறானது. ஏளனத்திற்கு அஞ்சிய சிறுவன் ஆடுகளத்திற்கு வாரான். ஓடும்பொழுது பிறர் பார்ப்பரே என்று ஒதுங்கி நிற்பான். கடிந்துரைக்கு அஞ்சியவர் மருத்துவரிடம் செல்லக் காலம் தாழ்ப்பர். அதற்குள் நோய் முற்றிவிடும். துயரத்தை மறக்க உணவையே நாடுவோரும் உளர். மருந்தெனக் கருதித் தரப்பட்ட ஏளனம், இவ்வாறு நோயையே வளர்க்கிறது.

திருவள்ளுவர் தம் நூலுள் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்தார். உண்டது செரித்தபின் உண்ணுமாறு அறிவுறுத்தினார். மிகுதியாக உண்ணும் செயலைக் கடிந்தார். ஆனால், பருத்த உடலைப் பழிக்கும் சொல் ஒன்றும் அங்கில்லை. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று கூறி அவ்வதிகாரத்தை முடித்தார். எள்ளி நகைப்பவனுக்கு அந்நான்கனுள் இடம் இல்லை. அருகிருந்து உதவுபவனுக்கு இடம் உண்டு. பருத்த உடலுடைய தோழனைப் பெயர் சொல்லி அழைத்து, தன் அணியில் சேர்த்து, உடன் விளையாடும் மாணாக்கன் அவ்விடத்தைப் பெறுவான்.