கூரையை எப்போது மாற்ற வேண்டும்?

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று அடிப்படைத் தேவைகளை நாம் அடுக்குவது வழக்கம். இருக்கும் இடத்தை வீடாக்குவது கூரைதான். ஆனால், வீட்டில் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதுவே. ஆண்டுக்கு ஏறக்குறைய 170 நாள்கள் மழை பெய்து, சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் நீர் கொட்டும் சிங்கப்பூரில் இந்த அலட்சியம் ஆகாது. பழுது பார்த்தால் போதுமா, கூரையையே மாற்ற வேண்டுமா என்பதை எப்படி அறிவது?

முதலில் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளைப் பார்ப்போம். இரு பக்கச் சுவர்களுக்கு இடையே மர விட்டங்கள், அவற்றின்மேல் மரச் சட்டங்கள், சட்டங்களின்மேல் ஒன்றன்மீது ஒன்று ஏறியமர்ந்த களிமண் ஓடுகள். இதுவே அக்கூரையின் அமைப்பு. சில ஓடுகள் உடைந்தாலோ நழுவினாலோ அவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஓடு நெடுங்காலம் உழைக்கும். முன்னதாகத் தளர்வது பெரும்பாலும் அடியில் உள்ள மரம். கூரையின் முகடு நடுவில் தொய்ந்திருந்தால், ஆணியால் குத்தும்போது மரம் மெத்தென்று உள்வாங்கினால், கறையான் புற்று ஏறியிருந்தால், ஓடு மாற்றிய பிறகும் ஒழுகல் தொடர்ந்தால், கூரையைப் பிரித்து மரத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். மழைநீர் சட்டத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தில் சொட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கறை தெரியும் இடமே ஓட்டை உள்ள இடம் என்று எண்ணிவிட முடியாது.

மாற்றும்போதும் விருப்பம்போல் செய்ய இயலாது. 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளில் கூரையின் வடிவம் மாறக் கூடாது. இயற்கை நிறக் களிமண் ஓடுகளையே வேய வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. செலவு குறைவு என்று துத்தநாகத் தகட்டைப் போட முடியாது.

சரி, நம்மில் பெரும்பாலோர் வசிக்கும் வீவக வீடுகளுக்கு வருவோம். இங்கே நம் கூரை மேல்வீட்டாரின் தரை. அதை மாற்றவே முடியாது; காலத்தில் பழுது பார்க்கத்தான் முடியும். குளியலறை, சமையலறைக் கூரைகளில் ஈரம் ஏறினால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பழுப்புக் கறை, விரிசல், உப்பல், தட்டினால் பொள்ளென்ற ஓசை ஆகியவை அறிகுறிகள். அவற்றின்மீது சாயம் பூசி மறைப்பது நோயை மூடி வைப்பதற்குச் சமம். பெயர்ந்த கான்கிரீட் தலையில் விழலாம்.

பக்குவமாக நடந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். மேல்வீட்டாரிடம் சொன்னால் மனத்தாங்கல் வருமே என்று பல பெற்றோர் வாளியை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால், இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட தளத்தைப் பராமரிப்பது இருவருக்குமே பொறுப்பு. தகுதிபெறும் வீடுகளுக்கு, கசிவைச் சரிசெய்யும் செலவில் பாதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நல்லெண்ண அடிப்படையில் ஏற்கிறது. எஞ்சியதை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம். மேல்மாடியில் குடியிருப்போருக்கு மொட்டைமாடியிலிருந்து நீர் கசிந்தால் நகர மன்றத்தை அணுக வேண்டும், அது பொதுச்சொத்து.

கட்டடம் தரும் அறிகுறிகளைப் பொருட்படுத்த வேண்டும் என்பதற்கு லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே ஒரு பாடம் உண்டு. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி சிராங்கூன் சாலையில் இருந்த ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடவில்லை என்று விசாரணை கண்டறிந்தது. ஆகவே, ஓட்டுக்குப் பதிலாகக் கனமான எதையும் கூரையில் ஏற்றுமுன் தகுதிபெற்ற பொறியாளரைக் கேட்பது அவசியம். அச்சம்பவத்துக்குப் பிறகு, 1989ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களுக்குக் கால முறைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அது 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை.

இடைப்பட்ட ஆண்டுகளில் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். இவ்விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, நண்பர்களே, குளியலறையில் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். பெற்றோர் சொல்லாமல் விட்டதைக் கூரை சொல்லக்கூடும்.