பழைய ஜீப்பும் எண்ணெய்ப் பம்பும்

திருவனந்தபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர் ஒருவர் பழைய ஜீப் வைத்திருப்பாரேயானால், அவர் முதலில் திகைப்பது ஒரு சொல்லைக் கேட்டுத்தான். மேட்டில் ஏறத் திணறும் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியதும், தலைமைத் தொழிலாளி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வண்டி வலிக்குன்னில்ல" என்பார். அவரை இங்கே ஆசான் என்று மரியாதையாக அழைப்பார்கள். நமக்கோ வலி என்றால் நோவு. வண்டிக்கு நோவில்லை என்றால் நல்லதுதானே, பின் ஏன் இவர் முகத்தைச் சுளிக்கிறார் என்று தோன்றும். வண்டி இழுக்கவில்லை என்பதே அவர் சொன்னதன் பொருள். துடுப்பு வலித்தல் என்று நாமும் எழுதுகிறோம்; அந்தப் பழைய பொருளை மலையாளம் அன்றாடப் பேச்சில் காத்து வைத்திருக்கிறது.

அதையடுத்து வரும் தீர்ப்புதான் கவலைக்குரியது. "பம்பு போயி" என்று இரண்டே சொற்கள். அவ்விரண்டு சொற்களின் விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே விழுங்கிவிடக்கூடும். சாலைக் கடைத்தெருவிலிருந்து சரக்கு ஏற்றிப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் நாளெல்லாம் வருவாயற்ற நாள். ஊரில் நடக்கும் திருமணத்துக்கு இரவோடு இரவாகக் களியக்காவிளையைக் கடந்து நாகர்கோவில் போய்ச் சேர வேண்டியவருக்கோ, குழந்தை குட்டிகளுடன் நடுவழியில் நிற்க நேருமோ என்ற அச்சம். ஆகவே, பம்பு உண்மையிலேயே பழுதுற்றதா, அல்லது வேறொன்றின் குற்றம் அதன்மேல் சுமத்தப்படுகிறதா என்பதை நாமே ஓரளவு தெரிந்துகொள்வது நலம். பல வேளைகளில் இது அவசரத் தீர்ப்பு என்பதே என் அனுபவம்.

இந்நாளில் எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும் வண்டிக் குடும்பத்துக்கு ஜீப்பே மூதாதை. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதியில். முதலில் வந்தவை பெட்ரோலில் ஓடின. பின்னர் டீசல் வண்டிகள் பெருகின. டீசல் வண்டியில் பம்பு ஒன்றன்று, இரண்டு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி வடிகட்டிக்குத் தள்ளுவது சிறிய பம்பு. ஃபீட் பம்பு என்பார்கள். சில வண்டிகளில் இது பெரிய பம்பின் வயிற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும். வடிகட்டியைக் கடந்து வரும் எண்ணெயை அளந்து, நூறு வளிமண்டலங்களுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், உரிய கணத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் செலுத்துவது பெரிய பம்பு. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-இல் இதைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிற்று. பெங்களூரில் 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனத்துக்கு 2008-இல் பாஷ் என்றே பெயர் மாறிய பின்னும், பட்டறைகளில் அது மைக்கோ பம்பாகவே வழங்குகிறது. அதனுள் ஏறி இறங்கும் உலக்கைக்கும் அதைச் சூழ்ந்த உருளைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான். இத்தனை நுட்பமான பொருளைத் தெருவோரத்தில் கழற்றிப் பார்ப்பது, கடப்பாரை கொண்டு கண் மருத்துவம் செய்வதை ஒக்கும்.

சிறிய பம்பின் வேலையை விளங்கிக்கொள்ள வீட்டுக் கிணற்றை நினைத்தால் போதும். மோட்டார் பம்பு மேலே இருக்கிறது. நீர் கீழே இருக்கிறது. குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு கசிந்தால் இரவெல்லாம் நீர் இறங்கிவிடும். காலையில் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. மோட்டாரை மாற்றினால் பயனுண்டா? உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலும் இதே கதிதான். இங்கே ஒரு வியப்பைக் கவனிக்க வேண்டும். பம்புக்குப் பின்னுள்ள குழாயில் துளை விழுந்தால் எண்ணெய் வெளியே சொட்டும். யார் கண்ணுக்கும் படும். பம்புக்கு முன்னுள்ள உறிஞ்சு குழாயில் துளை விழுந்தாலோ, வண்டி ஓடும்போது எண்ணெய் வெளியே வருவதில்லை; காற்று உள்ளே போகிறது. தரை உலர்ந்திருக்கும். கசிவே இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். பழி பம்பின்மேல் விழும்.

என் டீசல் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. காலையில் நெடுநேரம் சுழற்றினால்தான் கிளம்பும்; கிளம்பிய பின் குறை சொல்ல இடமிராது. ஒருநாள் நெடுமங்காடு, விதுரை வழியே பொன்முடிக்குப் புறப்பட்டோம். கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. மூன்றாவது வளைவில் இழுவை குன்றி, இரண்டு முறை குலுங்கி, வண்டி நின்றுவிட்டது. நகரத்துப் பட்டறை ஒன்றில் பெரிய பம்பையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல் வேறொரு முதிய ஆசானிடம் போனேன். அவர் பம்பைத் தொடவேயில்லை. ஒரு சிறிய கேனில் தூய டீசலை ஊற்றி, வண்டியருகே உயரத்தில் வைத்து, ஃபீட் பம்பின் உறிஞ்சு வாயில் ஒரு தனி ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைக் கேனுக்குள் விட்டார். காற்றை வெளியேற்றிவிட்டு இயக்கினார். வண்டி புதியதுபோல் ஓடிற்று. "பம்பினு குழப்பமில்ல" என்று சிரித்தார். மலையாளத்தில் குழப்பம் என்பது கோளாறு. பிறகு வண்டிக்கடியில் படுத்துத் தேடியதில், ரப்பர் ஹோஸில் கிளிப் கடித்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று அகப்பட்டது.

கேனை வைத்துச் செய்யும் இச்சோதனையை டீசல் வண்டி வைத்திருப்போர் எல்லாரும் அறிந்திருக்கலாம். கேனிலிருந்து நன்றாக ஓடினால் குற்றம் தொட்டிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் உள்ளது. கேனிலிருந்தும் ஓடவில்லையென்றால் மட்டுமே மேற்கொண்டு தேட வேண்டும். பெட்ரோல் வண்டியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், தீப்பற்றும்.

காற்றை எடுப்பதும் கடினமன்று. வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை மேலும் கீழுமாக அமுக்க வேண்டும். முதலில் நுரை வரும், பின் குமிழிகள், இறுதியில் தெளிந்த எண்ணெய் வரும்போது, அமுக்கிக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். பெரிய பம்பிலும் இதுபோன்ற திருகு இருந்தால் அங்கும் அவ்வாறே. கைப்பிடியை அமுக்கும்போது எதிர்ப்பே தோன்றாவிட்டால், ஃபீட் பம்பின் வால்வையோ ரப்பர் வளையத்தையோ ஐயுறலாம். இவை சிறு செலவில் மாறக்கூடியவை. செப்பு வாஷர்கள் நசுங்கியிருந்தால் புதியவை போட வேண்டும். நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களில் மட்டும், இயந்திரம் ஓடும்போது விரலை வைத்துக் கசிவு பார்க்கலாகாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். வலி தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

இன்னொரு குற்றவாளி நாம் நினைத்தும் பார்க்காதது: தொட்டியின் மூடி. எண்ணெய் குறையக் குறைய அதன் இடத்தில் காற்று புகுவதற்கு மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு வழி உண்டு. அது சேற்றால் அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பம்பு இழுக்க எண்ணெய் வராது. வண்டி அரைமணி ஓடும், நிற்கும், சிறிது ஓய்ந்தால் மறுபடி ஓடும். நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் காரணம் வெளியாயிற்று. மேட்டில் மட்டும் இழுவை குறைந்து சமதரையில் சரியாக ஓடினால், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். கரும்புகை மிகுந்தாலோ காற்று வடிகட்டியையும் நாசில்களையும் பார்க்க வேண்டுமேயன்றி, ஃபீட் பம்பை நோவதில் பொருளில்லை.

திருவனந்தபுரத்து வானிலையும் இதில் பங்குகொள்கிறது. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. பாதி நிறைந்த தொட்டியின் உட்சுவரில் இரவில் ஈரம் படிந்து நீராகிறது. நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கி, உறிஞ்சு குழாய்க்கு எளிதில் அகப்படுகிறது. நுட்பமான உலக்கைகளுக்கு இந்நீரே நஞ்சு. மழைக்காலத்தில் வண்டியை நாட்கணக்கில் நிறுத்துவோர் தொட்டியை நிரப்பி நிறுத்துவது நன்று. வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது பிடித்து வைத்தால், நீர் கீழே தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

பெரிய பம்பு உண்மையிலேயே தேய்ந்திருப்பதைக் காட்டும் அறிகுறியும் உண்டு. குளிர்ந்திருக்கும்போது எளிதாகக் கிளம்பும் வண்டி, ஓடிச் சூடேறிய பின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த உலக்கையின் ஓரமாக நழுவிவிடுவதே காரணம். ஈரத்துணியைப் பம்பின்மேல் சற்று நேரம் போர்த்தி வைத்து, பிறகு வண்டி கிளம்பினால் ஐயம் வலுப்படுகிறது. அப்போது பம்பைக் கழற்றிச் சோதனை மேடை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். காலிப்ரேஷன் என்று கேட்டால் எங்கும் புரியும்.

பெட்ரோல் ஜீப்பில் பம்பு எளியது. இயந்திரத்தின் அசைவால் ஒரு டயாப்ரம் ஏறி இறங்கி, சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. டயாப்ரம் கிழிந்தால் பம்பின் அடித்துளையில் பெட்ரோல் கசியும். சில வேளை இயந்திர எண்ணெயிலும் கலந்துவிடும். எண்ணெய்க் கோலை உருவி முகர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டவே கூடாது. மலையேற்றத்தில் சூட்டினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்பு திணறுவதும் உண்டு. இயந்திரம் ஆறினால் அது தானே சரியாகும். இந்நாளில் இதனுடன் ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்துள்ளது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் சேர்மானம் 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிக் கெடுகிறது. எத்தனாலைத் தாங்கும் டயாப்ரமும் ஹோஸும் கேட்டு வாங்குவது அவசியம்.

2000-க்குப் பிந்திய ஜிப்சி போன்ற பெட்ரோல் வண்டிகளில் மின்பம்பு தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில், பம்புக்கு முன் ஃப்யூஸ், ரிலே, எர்த் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சங்குமுகம், வேளி போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போர் வண்டிகளில் இந்தக் கம்பி முனைகள் உப்புக் காற்றால் களிம்பேறிவிடுகின்றன. தொட்டியை எப்போதும் வறட்சியிலேயே வைத்து ஓட்டினால் அப்பம்பு சூடேறிச் சாகும். அதைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான்.

பட்டறைக்குப் போகும்போது பம்பு என்ற சொல்லை நாமாக எடுக்காமலிருப்பது நல்லது. காலையிலா, சூட்டிலா, மேட்டிலா, மழைக்குப் பிறகா என்று கோளாறு தோன்றும் வேளையைச் சொன்னால் ஆசானுக்கு வழி பிறக்கும். என் வண்டிக்குப் புதிய ஹோஸ் மாட்டிய அன்று, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கிளிப்பை மறுபடி ஒருமுறை இறுக்கச் சொன்னார் அந்த முதியவர். புது ரப்பர் சற்றே அமிழ்ந்து கொடுக்குமாம். இறுக்கிப் பார்த்தேன், திருகு அரைச் சுற்றுப் போயிற்று.