மார்பில் பதிக்கும் சிலிக்கோன்: குறையும் ஆசையும்

ஆண்களின் மார்பை எடுப்பாகக் காட்டும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அக்குளில் கீறலிட்டு, பெரிய மார்புத் தசையின் அடியில் திண்ம சிலிக்கோனால் ஆன பதியத்தைப் பொருத்துவர். இதனால் தோற்றம் மாறும், வலிமை கூடாது. கிருமித் தொற்று, நீர் கோத்தல், பதியம் இடம்பெயர்தல் ஆகிய ஆபத்துகளும் உள.

இது மார்க்கத்தில் ஆகுமானதா என்று வினவுவோரிடம், யாருக்காக என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஏனெனில், 1841இல் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் போலந்து விவரித்த பிறவிக் குறை ஒன்றுண்டு. அதில் ஒரு பக்க மார்புத் தசை முழுமையாக வளர்ந்திராது; பெரும்பாலும் அது வலப்பக்கமே. இஹ்ராம் உடையில் வலத் தோளைத் திறந்து தவாஃப் செய்ய அத்தகைய இளைஞர் எவ்வளவு கூசுவார்!

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் காண்கிறோம். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே அங்கு அனுமதிக்கப்பட்டது.

2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் குறை நீக்கும் சிகிச்சையை அனுமதித்தது. வெறும் ஆசைக்காக இயல்பான உருவை மாற்றுவதை அனுமதிக்கவில்லை.

ஆகவே பதியம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. குறையுள்ளவரை ஆசைக்காரர் எனப் பழிப்பதும், ஆசையைக் குறை எனப் பெயர் மாற்றுவதும் நீதியாகா.