உங்களுக்குத் தெரியுமா? காலண்டர் மயிலுக்குப் பச்சை மை கிடையாது!

சிவகாசியில் அச்சுத்தொழில் வேர்விட்டதே தீப்பெட்டி லேபிளுக்காகத்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். லேபிள் அச்சிடும் வேலை அதன் பின்னாலேயே வந்தது.

இன்று அங்கே காலண்டர்களும் அச்சாகின்றன. வீட்டுக் காலண்டரில் உள்ள முருகன் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கே மைகளின் பொடிப் புள்ளிகள்! நீலமும் மஞ்சளும் நெருங்கி நின்று மயிலைப் பச்சையாக்குகின்றன. நிறத்துக்கு ஒரு அலுமினிய பிளேட். தாள் ஓரத்துச் சிறு கூட்டல் குறிகள் நான்கு நிறத்திலும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் முகம் கலங்கிவிடும்.

டி.டி.பி. (கணினிவழிப் பக்க வடிவமைப்பு) பழகும் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது: பொடி எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அமையுங்கள். நான்கு மையும் கலந்தால் தமிழின் புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும். ‘ன’வா ‘ண’வா என்றே தெரியாது. நாட்காட்டியில் நல்ல நேரம் பார்ப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்றே வெளியிடுவது சிவகாசி வழக்கம். வடிவமைப்பு வேலை அதற்கும் முன்பே முடிந்திருக்கும்.