மின்கலமும் மூன்று எண்களும்: அமெரிக்க மின்சாரப் பிக்கப் வண்டியின் தேர்வு குறித்துச் சில கருத்துகள்

ஒரு பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதியும் அதன் பரிமாற்றுப் பெறுமதியும் ஒன்றல்ல என்பது அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடம். ஆயினும் சந்தையிலே நின்று பண்டத்தைத் தெரிவு செய்பவர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எளிதன்று. பயன்பாடே எண்களாக மாற்றப்பட்டு, அவ்வெண்களே விளம்பரத்தின் மொழியாகிவிடும்போது இவ்வேறுபாடு மேலும் மங்கிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு முதல் வாங்குவோர் கைக்கு வரத் தொடங்கிய மின்சாரப் பிக்கப் வண்டிகள் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம், பின்னே கொளுவி இழுக்கக்கூடிய பாரம், விலை ஆகிய மூன்று எண்களைக் கொண்டே அவை விற்கப்பட்டன. வாங்குவோரும் அவற்றைக் கொண்டே ஒப்பிட்டனர். இம்மூன்றும் தனித்தனியே உண்மையான எண்கள்தாம். ஆனால் ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒருங்கே உண்மையாகக்கூடிய எண்கள் அல்ல. இம்முரண்பாடு எங்கிருந்து எழுகின்றது என்பதையும், வண்டியைத் தமது உழைப்புச் சாதனமாகக் கொள்பவர் எவ்வாறு கணக்கிட்டுத் தெரிவு செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முயல்வோம்.

1. வண்டியின் வரலாற்று வடிவம்

தொழில்நுட்பப் பொருள் எதுவும் வரலாற்றுக்கு வெளியே பிறப்பதில்லை. போர்ட் நிறுவனம் தனது 'மொடல் ரீ' காரின் பின்புறத்திலே திறந்த பெட்டியொன்றைப் பொருத்தி, 281 டொலர் விலையில் பிக்கப் வண்டியாக விற்கத் தொடங்கியது 1925இல் ஆகும். விவசாயியும் கைவினைஞரும் சிறு வணிகருமே அதன் பாவனையாளர். நூறாண்டுக் காலத்தில் அவ்வுழைப்புக் கருவி நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் குடும்ப வாகனமாகவும் அந்தஸ்துச் சின்னமாகவும் மாறிற்று.

இம்மாற்றத்தில் அரசின் பங்கு சிறிதன்று. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கோழி இறைச்சியின் மீது ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் தீர்வையை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக ஐக்கிய அமெரிக்கா 1964 முதல் இறக்குமதியாகும் இலகுரக லொறிகளின் மீது நூற்றுக்கு 25 வீதத் தீர்வையை விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்தது. லொறித் தீர்வை நிலைத்தது. சிறிய, மலிவான பிறநாட்டு வண்டிகள் அச்சந்தையில் வேரூன்றுவதற்கு அது பெருந்தடையாயிற்று. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த எரிபொருட் சிக்கன விதிகளும் கார்களைக் காட்டிலும் இலகுரக லொறிகளுக்கு நெகிழ்ச்சியானவையாகவே இருந்தன. போட்டியிலிருந்து காக்கப்பட்டு, விதிகளாலும் சலுகை பெற்ற பெரிய பிக்கப் வண்டி, அமெரிக்க வாகன முதலாளித்துவத்தின் முதன்மையான இலாப ஊற்றாக வளர்ந்தது.

மின்சார யுகம் வந்தபோது, மின்கலம் பொருத்தப்பட்டது இப்பெரிய வடிவத்திலேதான். பின்வரும் சிக்கல்கள் பலவற்றின் மூலம் இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. அறிவித்த எண்களும் வந்த எண்களும்

டெஸ்லா நிறுவனம் 2019 நவம்பரில் சைபர்ட்ரக் வண்டியை அறிமுகம் செய்தபோது, தொடக்க விலை 39,900 டொலர் என்றது. உயர்ந்த வகை 500 மைல் ஓடும், 14,000 இறாத்தல் இழுக்கும், விலை 69,900 டொலர் என்றது. நான்காண்டுகள் கழித்து, 2023 நவம்பர் இறுதியில் வண்டி கைக்கு வந்தபோது, இரு மோட்டார் வகையின் விலை 79,990 டொலர். தூரம் 340 மைல். இழுவை 11,000 இறாத்தல்.

போர்ட் நிறுவனம் 2021 மே மாதத்தில் எப்-150 லைட்னிங் வண்டியை 39,974 டொலர் என்ற தொடக்க விலையுடன் அறிவித்தது. அதே வண்டி 320 மைல் ஓடும், 10,000 இறாத்தல், அதாவது சுமார் 4,500 கிலோகிராம், இழுக்கும் என்றும் கூறப்பட்டது. ஆனால் தொடக்க விலைக்குரிய வண்டி சிறிய மின்கலத்தைக் கொண்டது. அதன் தூரம் 230 மைல். 10,000 இறாத்தல் இழுக்கும் தகுதி அதற்கில்லை. பெரிய மின்கலத்துக்கு மேலும் பத்தாயிரம் டொலரோ அதற்கு மேலோ வேண்டியிருந்தது. அத்தொடக்க விலைதானும் 2023இன் முற்பகுதியில் 59,974 டொலராக உயர்ந்து, அதே ஆண்டு ஜூலையில் 49,995 டொலராகக் குறைக்கப்பட்டது.

2021 செப்டெம்பரில் வெளிவந்த ரிவியன் ஆர்1ரீ 314 மைல் தூரத்தையும் 11,000 இறாத்தல் இழுவையையும் கொண்டிருந்தது. செவ்ரோலே சில்வராடோவின் மின்சார வகையோ 450 மைல் தூரத்தை எட்டிற்று. அத்தூரத்தை எட்டுவதற்கு 200 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட மின்கலமும், 8,000 இறாத்தலைத் தாண்டிய வண்டி எடையும், 70,000 டொலருக்கு மேற்பட்ட விலையும் தேவைப்பட்டன.

இவ்வெண்களை வரிசைப்படுத்திப் பார்ப்பின் ஓர் ஒழுங்கு புலப்படும். தூரத்தைக் கூட்டினால் மின்கலம் பெருக்கின்றது; மின்கலம் பெருத்தால் விலையும் எடையும் ஏறுகின்றன. விலையைக் குறைத்தால் மின்கலம் சுருங்குகின்றது. தூரமும் இழுவையும் குறைகின்றன. மூன்று எண்களும் மின்கலம் என்ற ஒரே பொருளின் மூன்று முகங்களாகும்.

3. இழுவையும் சக்தியும்

இழுக்கும் வலிமையைப் பொறுத்தவரை மின்மோட்டாரிற் குறை காண்பதற்கில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் அது தருகின்றது. பாரத்தை ஏற்றத்தில் நகர்த்துவதற்குப் பெற்றோல் இயந்திரத்தினும் ஏற்றது. வலிமை மோட்டாரின் குணம். நெடுந்தூரம் இழுப்பது சக்திச் சேமிப்பின் குணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே மயக்கம் பிறக்கின்றது. அதிகாரபூர்வத் தூர எண் ட்ரெயிலர் இன்றி ஓட்டி அளக்கப்படுவது. இழுவை எண்ணோ இவ்வளவு பாரத்தை நகர்த்தலாம், ஏற்றலாம், நிறுத்தலாம் என்று சொல்வது. எவ்வளவு தூரத்துக்கு என்று அது சொல்வதில்லை.

லைட்னிங் வண்டியின் பெரிய மின்கலத்திற் பயன்படுத்தத்தக்க சக்தி 131 கிலோவாற்று மணி. ஓர் அமெரிக்கக் கலன் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி சுமார் 33.7 கிலோவாற்று மணி. ஆகவே அப்பெரிய மின்கலம் முழுவதும் நான்கு கலன் பெற்றோலுக்குக் குறைந்த சக்தியையே கொண்டது. அதனைக் கொண்டு 320 மைல் ஓட முடிவது மின்மோட்டாரின் திறமையால் ஆகும். பெற்றோல் இயந்திரம் தன் சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றது. ஆனால் அதன் தாங்கியில் இருபதுக்கு மேற்பட்ட கலன்கள் கொள்ளும். சில நிமிடங்களில் அதனை மீண்டும் நிரப்பலாம். ட்ரெயிலர் இழுக்கும்போது பெற்றோல் வண்டியின் செலவும் ஏறத்தாழ இரட்டிப்பாவதுண்டு. தாங்கி பெரிதாகையால் ஓட்டுநர் அதனைப் பணச் செலவாக உணர்கிறார். மின்வண்டியின் ஓட்டுநரோ அதனை நேர இழப்பாக உணர்கிறார்.

இழப்பின் அளவை எடை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. நெடுஞ்சாலை வேகத்திலே காற்றின் எதிர்ப்பே முதன்மையானது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அது பெருகும். எனவே, தட்டையான ட்ரெயிலரில் ஏற்றிய பாரமான இயந்திரத்தைவிட, எடை குறைந்த ஆயினும் உயர்ந்து அகன்ற பெட்டி ட்ரெயிலர் மின்கலத்தை விரைவாகக் காலியாக்கக்கூடும். வெறும் வண்டி ஒரு மைலுக்கு 0.4 கிலோவாற்று மணி அளவிற் செலவிட, உயரமான ட்ரெயிலருடன் அச்செலவு 1 கிலோவாற்று மணியையோ அதற்கு மேலோ எட்டும். 320 மைல் வண்டி 130 மைல் வண்டியாகிவிடுகின்றது.

நெடும்பயணத்தில் நிலைமை இன்னும் கடினம். வழியிலே வேகமாக மின்னேற்றுவது பெரும்பாலும் நூற்றுக்கு 10 வீதத்திலிருந்து 80 வீதம் வரையே. அதற்குப் பின் வேகம் வெகுவாகக் குறையும். அந்த 70 வீதம் சுமார் 92 கிலோவாற்று மணி. ஏறத்தாழ 90 மைலுக்கு ஒருமுறை நின்று, நாற்பது நிமிட அளவு காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். மின்னேற்று நிலையங்கள் பல சிறு கார்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ட்ரெயிலரைக் கழற்றி ஒருபுறம் நிறுத்தினாலன்றி வண்டியை உள்ளே கொண்டுசெல்ல இயலாத இடங்கள் உண்டு. குளிர்காலம் இத்தூரத்தை மேலும் குறைக்கும்.

4. உழைப்பிலிருந்து தொடங்கும் கணக்கு

விற்பனையாளரின் கணக்கு வண்டியிலிருந்து தொடங்குகின்றது. உழைப்பாளரின் கணக்கு வேலைநாளிலிருந்து தொடங்க வேண்டும். ட்ரெயிலருடன் ஒரு நாளில் ஓடும் அதிகபட்ச மைல்களைக் குறித்துக்கொள்க. மூடிய உயர் ட்ரெயிலராயின் மைலுக்கு 1 கிலோவாற்று மணி எனக் கொள்க. குளிருக்காகவும் முன்னெச்சரிக்கைக்காகவும் அதனோடு குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்க. வரும் தொகையே தேவையான மின்கலம்.

நகர்ப்புறத்திலே சிறு கட்டட வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கருவிகள் நிரம்பிய ட்ரெயிலருடன் 40 மைல் சென்று, மாலையில் 40 மைல் திரும்புகிறார். அவருக்கு வேண்டியது 96 கிலோவாற்று மணி. லைட்னிங்கின் 98 கிலோவாற்று மணிச் சிறிய மின்கலம் மயிரிழையிற் போதும். மின்கலத்தின் கொள்ளளவு காலப்போக்கிற் குறையும் என்பதை நினைத்தால் பெரியதே பாதுகாப்பானது. இரவில் வீட்டிலேயே மின்னேற்றலாம் என்பதால் நெடுஞ்சாலை நிலையங்களை அவர் நாட வேண்டியதில்லை. இவ்வண்டியின் சில வகைகள் 9.6 கிலோவாற்று வரை மின்சாரம் வழங்கித் தளத்திலே அறுக்கும், துளையிடும் கருவிகளை இயக்கக்கூடியவை. தனி மின்பிறப்பாக்கியை அவர் சுமந்து செல்ல வேண்டியதில்லை. அவருக்கு இது உண்மையான உற்பத்திச் சாதனம்.

மொன்டானாவிலிருந்து 300 மைலுக்கு அப்பாற்பட்ட சந்தைக்கு மாடுகளை ஏற்றிச் செல்லும் ஒருவருக்கோ இதே வண்டி பொருந்தாது. வழியில் மும்முறையேனும் நிற்க வேண்டும். நிற்கும் இடமெல்லாம் உயிருள்ள பாரம் ட்ரெயிலரிற் காத்திருக்கும்.

இங்கே மறக்கப்படும் மற்றோர் எண்ணும் உண்டு. ட்ரெயிலரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வீதம் கொளுவியின் மீது இறங்கும். அது வண்டி சுமக்கக்கூடிய பாரத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். 7,000 இறாத்தல் ட்ரெயிலர் 1,000 இறாத்தல் வரை எடுத்துக்கொண்டால், நான்கு தொழிலாளரும் அவர்தம் கருவிகளும் எஞ்சியதற்குள் அடங்க வேண்டும். பெரிய மின்கலத்தின் எடையும் அந்த எஞ்சியதையே உண்கின்றது. தூரத்துக்காகக் கொடுத்த விலையின் ஒரு பகுதி இவ்வாறு பாரத்திலும் அறவிடப்படுகின்றது.

5. விலையின் அரசியல்

இவ்வண்டிகளைக் கடனில் வாங்கும் சிறு தொழில் செய்வோருக்கு விலை என்பது மாதாந்தத் தவணையாகும். வேலை கிடைக்காத மாதத்திலும் தவணை நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தகுதிபெற்ற வண்டிகளுக்குக் கிடைத்த 7,500 டொலர் வரையிலான வரிச்சலுகை 2025 செப்டெம்பர் 30உடன் முடிவுற்றது. சீனத்து மின்வண்டிகளின் மீதான தீர்வை 2024இல் நூற்றுக்கு 100 வீதமாக உயர்த்தப்பட்டது. மலிவு வெளியிலிருந்து வரும் வழி அடைபட, உள்ளேயும் ஆதரவு குன்றிற்று. 2025 டிசெம்பரில் போர்ட் நிறுவனம் முழுமின்சார லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாகவும், அடுத்த தலைமுறை வண்டியில் மின்கலத்துக்கு மின்னேற்றும் பெற்றோல் மின்பிறப்பாக்கி இடம்பெறும் என்றும் அறிவித்தது. பெரிய வடிவத்தையும் நெடுந்தூர இழுவையையும் மின்கலத்தால் மாத்திரம் இலாபத்துடன் இணைக்க இயலவில்லை என்பதற்கு, உற்பத்தியாளரே அளித்த ஒப்புதலாக இதனைக் கொள்ளலாம்.

மறுபுறத்தே, 2025இல் இரு சிறிய வண்டிகள் பற்றிய அறிவித்தல்கள் வெளியாயின. ஸ்லேட் என்ற நிறுவனம் 150 மைல் தூரமும் 1,000 இறாத்தல் இழுவையும் கொண்ட எளிய வண்டியை முன்வைத்தது. போர்ட் நிறுவனமும் 2027ஐக் குறிவைத்து, 30,000 டொலர் அளவிலான நடுத்தர வண்டியொன்றை அறிவித்தது. அறிவித்த விலையும் வந்த விலையும் எவ்வாறு வேறுபட்டன என்பதை மேலே கண்டோம். ஆகவே கைக்கு வரும்வரை இவற்றையும் அதே எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும். ஆயினும் வடிவத்தைச் சுருக்கி மின்கலத்தைச் சுருக்கும் திசை சரியானது.

6. முடிவாக

மின்கலத்தின் அளவு வாங்குபவரின் தனிவிருப்பம் மாத்திரமன்று. ஜி.எம்.சி. ஹம்மர் மின்வண்டியின் எடை 9,000 இறாத்தலுக்கு மேல் என்றும், அதன் மின்கலம் மட்டுமே ஒரு சிறு காரின் எடைக்கு நிகரானது என்றும், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தலைவர் 2023 ஜனவரியில் எச்சரித்தார். மோதலின்போது அவ்வெடையைத் தாங்குபவர் சிறு காரில் இருப்பவரும் வீதியில் நடப்பவருமே. மின்கலத்தின் லிதியம் சிலி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலத்திலிருந்தும், சில வகைகளுக்கான கோபால்ட் கொங்கோவின் சுரங்கத் தொழிலாளரின் கைகளிலிருந்தும் வருகின்றன. அதன் எதிர்மின்வாயிற் பயன்படும் காரீயத்தைப் போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டி, நெடுங்காலமாக மூலப்பொருளாக ஏற்றுமதி செய்து பழகிய நாட்டவராகிய நமக்கு, மூலப்பொருளுக்கும் முடிவுப் பண்டத்துக்கும் இடையிலான பெறுமதி எங்கே தங்குகின்றது என்பது புதிய செய்தியன்று.

ஆகவே 'சிறந்த மின்சாரப் பிக்கப் எது?' என்ற வினா, எந்த வேலைக்கு, எவ்வளவு தூரத்துக்கு, யாருடைய கடனில் என்ற வினாக்களின்றிப் பொருளற்றது. நாள்தோறும் குறுந்தூரம் சென்று இரவில் வீடு திரும்பும் உழைப்பாளருக்கு அது இன்றே தகுந்த கருவி. பயன்படுத்திய வண்டியாக, மின்கல உத்தரவாதத்தின் எஞ்சிய ஆண்டுகளைச் சரிபார்த்து வாங்கின், இன்னும் தகுந்தது. நெடுந்தூரம் பாரமிழுப்பவருக்கு அது இன்னும் ஆகவில்லை. தேவைக்குப் போதுமான மிகச் சிறிய மின்கலத்தைத் தெரிவு செய்வதே தனிமனிதருக்கு இலாபமானது. சமூகத்துக்கும் அதுவே நன்று. சந்தை மிகப் பெரியதை முன்னிறுத்தும் காலத்தில், இவ்வெளிய கணக்கை ஒவ்வொருவரும் தாமே போட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.