உள்ளங்கையில் ஒற்றன் - 7: பத்து விநாடி

விளம்பரக் கம்பெனிகள் நம் நடமாட்டத்தை மொத்தமாக வாங்கி விற்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது வலை வீச்சு. யார் சிக்கினாலும் அவர்களுக்குச் சரிதான். இந்த வாரம், ஒரே ஒரு ஆளைக் குறிவைத்துப் போட்ட தூண்டில்.

அஹ்மத் மன்சூர் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர். 2016 ஆகஸ்ட் 10 அன்று அவருடைய ஐபோனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிப் புதிய ரகசியங்கள் இருப்பதாகச் சொல்லி, கூடவே ஒரு லிங்க். மறுநாளும் அதே மாதிரி இன்னொன்று. சிறைக் கொடுமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இரை கிடையாது. ஆனால் 2011, 2012 என்று ஏற்கெனவே இரண்டு முறை அவர் மீது உளவு மென்பொருள் ஏவப்பட்டிருந்தது. பட்டுத் தெரிந்தவர், தொடவில்லை. இரண்டு செய்திகளையும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவிட்டார்.

அவர்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிய ஐபோன் 5 ஒன்றில் அந்த லிங்க்கைத் திறந்தார்கள். சஃபாரியில் வெற்றுப் பக்கம். பத்து விநாடி போல ஆனதும் சஃபாரி தானாக மூடிக்கொண்டது. திரையில் அதற்குமேல் ஒரு அசைவும் இல்லை. நாமாக இருந்தால் 'நெட் சரியில்லை போல' என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்போம்.

அதற்குள் வேலை முடிந்திருந்தது. முதல் ஓட்டை சஃபாரியில். அதன் வழியே உள்ளே வந்து, இன்னும் இரண்டு ஓட்டைகளால் போனின் மையக் கட்டுப்பாட்டையே பிடித்தாகிவிட்டது. மூன்றும் அதுவரை ஆப்பிளுக்கே தெரியாதவை. பிறகு இறங்கியது பெகாசஸ், இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. குழுமத்தின் சரக்கு. மைக், கேமரா, இருப்பிடம், பேச்சு எல்லாம் அதன் கையில். வாட்ஸ்அப்பில்தான் என்க்ரிப்ஷன் இருக்கிறதே என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு செய்தி போகிற வழிக்கு மட்டும். பெகாசஸ் வழியில் காத்திருப்பதில்லை; போனுக்குள்ளேயே உட்கார்ந்து நாம் படிப்பதைத் தானும் படிக்கிறது.

விவரம் கிடைத்த பத்து நாளில், ஆகஸ்ட் 25 அன்று, ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 9.3.5 அப்டேட்டை வெளியிட்டது. ஒருவர் ஒரு லிங்க்கைத் தொடாமல் விட்டதால் உலகத்து ஐபோன்களுக்கெல்லாம் ஓட்டை அடைபட்டது. (அப்டேட் வந்தால் 'அப்புறம்' என்று தள்ளுகிறவர்கள் கவனிக்க.)

மன்சூருக்கு அந்த அப்டேட்டால் பலனில்லை. 2017 மார்ச்சில் அதிகாரிகள் அவர் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். சமூக ஊடகத்தில் எழுதியதைக் குற்றமாக்கி, 2018 மே மாதம் பத்தாண்டு சிறை விதித்தார்கள்.

தெரியாத லிங்க்கைத் தொடாதே என்ற புத்திமதி அப்போதைக்குச் செல்லுபடியானது. 2019-ல் தொடுவதற்கு லிங்க்கே தேவைப்படவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு; எடுக்காவிட்டாலும் போதும். குறிவைக்கப்பட்ட சுமார் 1,400 பேரில் இந்தியர்களும் உண்டு. அந்த மிஸ்டு கால் விவகாரம் அடுத்த வாரம்.

(தொடரும்)