லைம்லைட்

லைம்லைட் என்பது 19ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு நாடக அரங்குகளில் பயன்பட்ட ஒருவகை மேடை விளக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். தமிழில் இதனைச் சுண்ணாம்பு ஒளி எனலாம். அவ்விளக்கு வழக்கொழிந்துவிட்ட போதிலும், பொதுமக்களின் கவனம் ஒருவர் மீது குவிந்திருக்கும் நிலையைக் குறிக்க இச்சொல் இன்றும் பயன்படுகின்றது.

சொற்பொருள்

லைம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எலுமிச்சை வகைப் பழம், சுண்ணாம்பு என இரு பொருள்கள் உண்டு. இங்கு அது சுண்ணாம்பையே குறிக்கின்றது. பழத்திற்கும் இவ்விளக்கிற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

செயற்படும் முறை

ஆக்சிசன், ஐதரசன் ஆகிய இரு வளிமங்களையும் கலந்து எரித்தால் மிகுந்த வெப்பமுடைய சுடர் கிடைக்கும். ஆனால் அச்சுடரின் வெளிச்சம் மிகக் குறைவு. அதனைச் சுட்ட சுண்ணாம்பாலான (கால்சியம் ஆக்சைடு) சிறு உருளையின் மீது பாய்ச்சும்போது, உருளை கண்ணைக் கூசச் செய்யும் வெண்ணிற ஒளியை வெளியிடும். சுண்ணாம்பின் உருகுநிலை 2500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. ஆகவே அது உருகாமல் நின்று ஒளிர்கின்றது. இவ்வொளியை வில்லை ஒன்றின் வழியே குவித்து, மேடையில் வேண்டிய இடத்தில் விழச்செய்வர்.

வரலாறு

இவ்வொளியைக் கண்டறிந்தவராக இங்கிலாந்தைச் சேர்ந்த கோல்ட்சுவர்தி கர்னி பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் தாமசு டிரம்மண்ட் 1820களில் இதனை நில அளவைப் பணிக்கு ஏற்ற கருவியாக்கினார். அயர்லாந்து நில அளவையின்போது இரு மலைகளுக்கிடையே 100 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவிலிருந்து இவ்வொளி காணப்பட்டது. இதனால் இது டிரம்மண்ட் ஒளி எனவும் அழைக்கப்பட்டது.

1837இல் இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் இவ்விளக்கு மேடைக்கு வந்தது. அதுவரை எண்ணெய் விளக்கும் வளிம விளக்கும் மேடை முழுவதற்கும் பொதுவான வெளிச்சத்தையே தந்தன. லைம்லைட்டின் வருகைக்குப் பின், தனியொரு நடிகரை மட்டும் ஒளியால் பிரித்துக் காட்டுவதும், அவர் நகரும்போது ஒளியும் உடன் நகர்வதும் எளிதாயின. நிலவொளி, கதிரவன் ஒளி போன்ற காட்சிகளுக்கும் இது பயன்பட்டது.

இயக்குபவரும் இடர்களும்

ஒவ்வொரு விளக்கையும் இயக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். சுடர் ஒரே இடத்தில் பட்டால் உருளையில் குழி விழும். எனவே காட்சி முடியும்வரை அவர் அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீறிவிடும். ஆதலால் உருளைகளைக் காற்றுப் புகாத கொள்கலன்களில் வைத்திருப்பர். தொடக்கத்தில் வளிமங்கள் பைகளில் அடைக்கப்பட்டு, அவற்றின் மீது பாரம் ஏற்றி வெளியேற்றப்பட்டன. அழுத்தம் மாறி ஒரு வளிமம் மற்றொன்றின் பைக்குள் புகுந்தால் வெடிக்கும் அபாயம் இருந்தது. ஒளியில் நின்ற நடிகரை அரங்கம் முழுவதும் கண்டது. அந்த ஒளியை வெடிப்பு அபாயத்தினூடே காத்து நின்றவரோ இருளிலேயே இருந்தார்.

மறைவு

1881இல் திறக்கப்பட்ட இலண்டன் சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்கால் ஒளியூட்டப்பட்டது. அதன்பின் மின் விளக்குகள் படிப்படியாக லைம்லைட்டின் இடத்தைப் பிடித்தன. எனினும் நடிகர் என்றி இர்விங் தமது லைசியம் அரங்கில் மின்சாரத்தைவிட வளிம விளக்கையும் லைம்லைட்டையுமே விரும்பிப் பயன்படுத்தினார்.

இன்றைய வழக்கு

ஒருவர் லைம்லைட்டில் இருக்கிறார் என்றால் அவர் பலராலும் பேசப்படுகிறார் என்பது பொருள். பிறருக்குரிய கவனத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்பவரை லைம்லைட்டைத் திருடியவர் என்பர். பொதுவாழ்விலிருந்து ஒதுங்குபவர் லைம்லைட்டைத் தவிர்க்கிறார் எனப்படுவார். பிரித்தானிய அரங்கத் தொழிலாளர் நடிகரைப் பின்தொடரும் மின்விளக்கை இன்றும் லைம் என்றே அழைப்பதுண்டு. தமிழ்த் திரைப்படச் செய்திகளிலும் இச்சொல் எழுத்துப்பெயர்ப்பாகவே வழங்குகின்றது.

புகழிழந்த மேடை நகைச்சுவை நடிகர் ஒருவரின் கதையைக் கூறும் சார்லி சாப்ளினின் 1952ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரும் லைம்லைட் ஆகும்.